அம்மன் மரத்து வௌவால்

மருதடிமுனை
11.05.2025

ஆர்த்தி,

அக்காவுக்குக் கோபம் ஆறிவிட்டது, கடிதம் போட்டுவிட்டாள் என்று குதிக்காதே. ஆறவில்லை. பங்குனி மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், அதன் எச்சிலில் கிருமி இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நீ உன் பாட்டில் வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போய்விட்டாய். அது பேப்பரில் வந்தது. பிறகு ஊர்ப் பொடியன்கள் கோடாலியும் வாளுமாக வந்து கண்ணகி அம்மன் கோயில் மருத மரங்களை வெட்டப் பார்த்தார்கள். என் மாமனார்தான் குறுக்கே நின்றார். அவர் கோயில் வண்ணக்கர். சாவி அவரிடம். வைகாசிச் சடங்குக்குக் கதவு திறப்பதும் அவர். "இந்த மரத்தில தொங்குறதெல்லாம் அம்மன்ட உயிர். ஒண்டில கை வைச்சாலும் சாவியை ஊருக்கு முன்னால வைச்சிட்டுப் போயிருவன்" என்று அன்றைக்குச் சத்தியம் பண்ணினார். நீ இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்றும் அன்றைக்குத்தான் சொன்னார். நானும் ஓம் என்றேன்.

ஃபோனில் கேட்டிருக்கலாம். உன் பெறாமகன் யதுசன் அதை வாவிக்குள் போட்டுவிட்டான். சடங்கு முடியட்டும், புதிது வாங்கலாம் என்கிறார் உன் அத்தான். அவருடைய ஃபோன் விடிந்தால் அவரோடு வேலைக்குப் போய்விடும். அதனால்தான் இந்தக் கடிதம். உன் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எங்கள் ஊர் தனோஜன் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன்.

விசயம் இதுதான். யதுசனுக்கு முட்டு கூடிவிட்டது. பம்ப் அடித்தும் நெஞ்சு விசிலடிக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை, இரண்டு படி ஏறினால் இருந்துவிடுகிறான். வௌவால் சூப் குடித்தால் முட்டு அடங்கும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நீ பள்ளிக்கூடத்தில் எச்சிலைத்தானே சொன்னாய்? அப்படியென்றால் தலையை வெட்டி எறிந்துவிட்டால் மிச்சம் சுத்தம்தானே? ஓமா இல்லையா என்று ஒரு சொல்லில் எழுது. பிரசங்கம் வேண்டாம்.

எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. நண்டு கழுவும்போது கொடுக்கு பெருவிரலில் ஆழமாகக் குத்திவிட்டது. மாமாவின் காலில் இருக்கிற பித்தவெடிப்பைப் போல அதுவும் வாயைப் பிளந்துகொண்டு ஆறமாட்டேன் என்கிறது.

சுபாஜினி


வந்தாறுமூலை
14.05.2025

அக்கா,

இல்லை. நீ கேட்ட ஒரு சொல் இதுதான். இல்லை, இல்லை, இல்லை.

வெசாக் லீவு முடிந்து தனோஜன் அண்ணன் இன்றைக்குத்தான் வந்தார். உன் கடிதம் இவ்வளவு நாளும் அவருடைய சட்டைப் பையில் தூங்கியிருக்கிறது. வாசித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

தலையில் மட்டும்தான் கிருமி என்று நான் சொல்லவேயில்லை. பழத்தைப் பற்றிப் பேசியதால் எச்சிலைச் சொன்னேன். நீ ஒரு வௌவாலை ஓர் ஊர் என்று நினைத்துக்கொள். வாயில் ஒரு கூட்டம் பாக்டீரியா, குடலில் வேறொரு கூட்டம், மயிரிலும் தோலிலும் இன்னொன்று. நாங்கள் இங்கே செய்வது அந்த ஊரின் குடிக்கணக்கு எடுப்பதுதான். முக்கால்வாசியும் அப்பாவிகள். அவை இல்லாவிட்டால் வௌவாலுக்குத் தின்ற பழம் செரிக்காது. ஆனால் எல்லாக் குடியும் அப்பாவி இல்லை. உங்கள் மரத்தடியில் செத்துக் கிடந்தவற்றின் சிறுநீரகத்தைச் சோதித்த முடிவு போன கிழமை வந்தது. எலிக்காய்ச்சல் தரும் கிருமி இருக்கிறதே, அதன் உறவுக்கார இனம் ஒன்று அங்கே குடியிருக்கிறது. வௌவாலுக்கு அதனால் ஒன்றும் இல்லை. அது மனிதருக்குத் தாவுமா என்று கேட்டால் தெரியாது. எங்கள் பேராசிரியருக்கும் தெரியாது. எனக்கு அந்தத் தெரியாது என்பதுதான் பயமாக இருக்கிறது.

வௌவாலைப் பிடிக்க வேண்டாம், தொட வேண்டாம், அறுக்க வேண்டாம். யதுசனை மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு வா. நெஞ்சு வருத்தம் பார்க்கும் நல்ல டொக்டரிடம் நான் கூட்டிப் போகிறேன். மாமாவுக்குத் தெரியவேண்டாம் என்றால் ஆரையம்பதியில் உன் சீதன வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது, அங்கே வந்து நில். மாமி செத்த பிறகு மாமாவுக்குத் துணை என்று போனவள், ஒரு கிழமை உன் வீட்டில் இருந்தால் யாரும் தலையைச் சீவ மாட்டார்கள்.

என்மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைமேல் காட்டிவிடாதே.

ஆர்த்திகா


மருதடிமுனை
17.05.2025

ஆர்த்தி,

உன் கடிதம் வந்தபோது சட்டி கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

கத்தாதே. வெசாக்குக்கு அடுத்த நாள் பிள்ளைக்கு உதடு நீலமாகிப் போனது. அப்போது ஒருவர் ஒன்றைப் பிடித்துச் சாக்கில் கொண்டுவந்தார். யார் என்று கேட்காதே. நான் கிணற்றடிக்குப் பின்னால் வைத்துத் தலையை வெட்டிப் புதைத்தேன். நீ சொன்னபடிதான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு செய்தேன், ஆர்த்தி. தோலை உரித்து வயிற்றைக் கீறும்போது மூத்திரப்பை உடைந்து கையெல்லாம் வழிந்தது. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் நிற்கிறது. மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு எலும்பு கழலும்வரை அவித்தேன். யதுசன் மூன்று வாய் குடித்துவிட்டு, "கோழி சூப் நல்லா இருக்கும்மா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சொன்னால் நம்பமாட்டாய், முட்டு அடங்கிவிட்டது. இரண்டு நாளாக முற்றத்தில் பந்தடிக்கிறான். எல்லாம் நல்லபடி என்று இருந்தேன். இப்போது உன் கடிதத்தை வாசித்துவிட்டு அவனைப் பார்த்தபடியே இருக்கிறேன். அவன் தும்மினால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்று. இது வெளியில் போகக் கூடாது. அம்மன் மரத்து வௌவால் இந்த வீட்டுச் சட்டியில் வெந்தது என்று தெரிந்தால் மாமாவின் சாவி போய்விடும். சாவி போனால் மரத்துக்கு முன்னால் நிற்க ஆளில்லை. அவர் ஏற்கெனவே விரதம் தொடங்கிவிட்டார், செருப்பைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டார். யதுசன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு, யாருக்கும் சொல்லமாட்டேன் என்று. பிள்ளைக்கு என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுது. கெதியாக எழுது.

சுபாஜினி


வந்தாறுமூலை
19.05.2025

அக்கா,

கத்தவில்லை. கத்தி இனி என்ன. சத்தியமும் பண்ணிவிட்டேன். ஆனால் அடுத்த தடவை உதடு நீலமானால் சாக்குக்காரரைத் தேடாதே, ஆசுபத்திரிக்கு ஓடு.

எலும்பு கழலும்வரை அவித்தாய் என்றால் சட்டிக்குள் ஒன்றும் உயிரோடு இருந்திராது. அது ஆறுதல். பிள்ளை கிணற்றடிப் பக்கம் வந்தானா? இரத்தத்தை, தோலை, சாக்கைத் தொட்டானா? விளையாட்டுப் புத்தியில் புதைத்த தலையைத் தோண்டக்கூடியவன் அவன். காலையும் மாலையும் காய்ச்சல் பார். கண் சிவக்கிறதா, கெண்டைக்கால் நோகிறது என்கிறானா, மூத்திரம் குறைகிறதா என்று கவனி. ஒரு கிழமையிலும் வரலாம், இன்னும் கொஞ்சம் பிந்தியும் வரலாம். சூப்பால் முட்டு மாறியது என்று நம்பிவிடாதே. முட்டு தானே கூடும், தானே குறையும். பம்பை நிறுத்தாதே.

நீ பெரியவள். சவர்க்காரம் போட்டுக் கழுவியிருப்பாய். பிள்ளையைப் பார்.

பிடித்துத் தந்தது அத்தான்தான் என்று எனக்குத் தெரியும். சமாதானமான நாளில் அவருக்கு நான் நல்லாகக் கொடுப்பேன்.

இங்கே ஒவ்வொரு சோதனைக் குழாயையும் திறக்கும்போதும் அவன் முகம்தான் வருகிறது. கையுறை போட்டு, முகமூடி போட்டு, கண்ணாடி போட்டு நாங்கள் தொடுகிற ஒன்றை நீ வெறுங்கையால் அறுத்திருக்கிறாய். எப்படியடி மனம் வந்தது என்று கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன். உதடு நீலமான பிள்ளையை நினைத்தால் கேட்க வாய் வரவில்லை.

ஆர்த்திகா


மருதடிமுனை
27.05.2025

ஆர்த்தி,

முதலில் நல்ல செய்தி. உன் பெறாமகனுக்கு ஒன்றுமில்லை. நீ எழுதியபடி காலையும் மாலையும் பார்த்தேன், காய்ச்சல் இல்லை, கண் வெள்ளையாக இருக்கிறது, கெண்டைக்கால் நோகிறதா என்று கேட்டுக் கேட்டு இப்போது அவனே, "அம்மா, இண்டைக்குக் கால் கேக்கலியா?" என்கிறான். நேர்த்தி வைத்திருக்கிறேன், சடங்கின் கடைசி நாள் குளிர்த்திக்கு அவன் கையால் அம்மனுக்கு இளநீர் கொடுப்பதாக.

இந்தப் பக்கம் எனக்குத்தான் கொஞ்சம் படுக்கை. போன வெள்ளி குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று பயந்து உன் அத்தான் பக்கத்து ஆசுபத்திரியில் சேர்த்தார். டொக்டர் நல்ல மனுசன். "வயலுக்குள்ள இறங்கினீங்களா? வாய்க்கால் தண்ணிக்குள்ள நிண்டீங்களா?" என்று கேட்டார். வட்டைப் பக்கம் போய் எத்தனை மாதம் என்று உள்ளதைச் சொன்னேன். இரத்தம் எடுத்தார்கள், டெங்கு இல்லையாம். காய்ச்சலும் விட்டதால் நேற்றுத் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுகா வந்து காட்டச் சொன்னார்கள். சடங்கு நேரம், யார் போவது.

காய்ச்சல் விட்டாலும் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. கெண்டைக்காலைத் தொட விடமாட்டேன். கண் இரண்டும் செம்பருத்தி மாதிரி. கோயிலுக்கு நெல்லு அவித்த புகை என்று நினைக்கிறேன். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், வரி மேலும் கீழும் போகும்.

அத்தானைத் திட்டாதே. பிடித்தது அவர் இல்லை. மாமா. பேரப்பிள்ளையின் உதட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர், சாக்கோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவர் பண்ணிய சத்தியம் உனக்குத் தெரியும்தானே. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுகிறாரில்லை. விரதம் என்று ஊர் நினைக்கிறது. வருகிற செவ்வாய் கதவு திறக்க வேண்டும். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

சுபாஜினி


வந்தாறுமூலை
28.05.2025

அக்கா,

காய்ச்சல் உனக்குத்தான். பிள்ளைக்கு இல்லை, உனக்கு. நான் ஒரு முழு முட்டாள், பிள்ளை பிள்ளை என்று எழுதிக்கொண்டே இருந்தேன். உன் பெருவிரல்! நண்டு குத்திய வாய் பிளந்த காயம், அதன் மேல் உடைந்த மூத்திரப்பை. நீயே எழுதியிருக்கிறாய், இரண்டு கடிதத்தில், என் கண்ணுக்கு முன்னால். சவர்க்காரம் போட்டிருப்பாய் என்று எழுதினேனே, அந்தக் கையை வெட்ட வேண்டும்.

காய்ச்சல் விட்டது சுகம் இல்லை. இந்த நோய் அப்படித்தான், ஒரு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பி வரும். வரும்போது சிறுநீரகத்தில் வரும், ஈரலில் வரும். கெண்டைக்கால் நோவும் சிவந்த கண்ணும் நான் உன்னிடம் பார்க்கச் சொன்ன அதே குறிகள். நீ அவனிடம் தேடிக்கொண்டிருந்தாய்.

டொக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். நீ உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாய். வயலில் இறங்கவில்லை. வௌவால் அறுத்தாயா என்று உலகத்தில் எந்த டொக்டர் கேட்பார்? நீ சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கே மட்டக்களப்புப் பெரிய ஆசுபத்திரிக்குப் போ. "வவ்வால் அறுத்தன், கையில காயம் இருந்தது" என்று சொல். அந்த ஒரு வசனம் போதும். மருந்து இருக்கிறது. பிந்தினால் மருந்துக்கும் கேட்காது.

மாமாவின் சாவியை நினைத்துப் பேசாமல் இருக்கப்போகிறாய், எனக்குத் தெரியும். சாவிக்காகச் சாகாதே, அக்கா. பிடித்துக்கொண்டு வந்தது அவர். அறுத்தது நீ. அவர் சுகமாகக் கதவு திறப்பார், உனக்கு யார் கொள்ளி வைப்பது, யதுசனா?

அத்தானின் ஃபோன் அடித்து அடித்து நிற்கிறது. தனோஜன் அண்ணனை வேலையை விட்டுவிட்டு இதோடு இப்போதே அனுப்புகிறேன். சார் விட்டதும் நான் பஸ் ஏறுகிறேன். மாமா கேற்றைப் பூட்டினால் றோட்டில் நின்று ஊர் கேட்கக் கத்துவேன். சத்தியத்தையும் உடைப்பேன். அந்தப் பாவம் எனக்கு.

ஆர்த்திகா


மருதடிமுனை
28.05.2025, மாலை

மகள் ஆர்த்திகாவுக்கு,

சுபாஜினி சொல்ல சீனித்தம்பி எழுதுவது. நீ வரும்போது வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டோம், அதனால் இதைக் கேற்றில் செருகி வைக்கிறோம்.

மருமகளுக்கு வெளிச்சம் பார்க்க ஏலாது. தனோஜன் தந்த கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள் மாமா என்று என்னிடம் தந்தாள். அதில் என்ன இருக்கும் என்று அவள் நினைக்கவில்லைப் போலும். வாசித்தேன். நடுவில், "போதும் மாமா, நிப்பாட்டுங்க" என்றாள். நிறுத்தவில்லை. என்னைப் பற்றி நீ எழுதியதையும் சத்தமாக வாசித்தேன். கொள்ளி வைக்கிற வரியையும் வாசித்தேன்.

பிறகு அவள் சொல்லச் சொன்னது: "எனக்கு ஒண்டும் இல்ல, ஆர்த்தி. செவ்வாய் கழியட்டும், மறுகா போறன். மாமா எழுதுங்க, வர வேணாம் எண்டு." அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அதற்கு மேல் அவளுக்கு ஓங்காளம் வந்து பேச முடியவில்லை. விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாகிக் கிடக்கிறது. நேற்றுப் பின்னேரத்திலிருந்து மூத்திரம் போகவில்லை என்று இப்போதுதான் சொல்கிறாள்.

ஓட்டோ வந்துவிட்டது. டொக்டரிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன். அவள் சொல்லமாட்டாள்.

நீ கத்தத் தேவையில்லை. பெரிய ஆசுபத்திரிக்கு வந்து சேர்.

கி. சீனித்தம்பி


மட்டக்களப்பு
05.06.2025

அக்கா,

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ படுத்திருக்கிறாய், இந்தப் பக்கம் மர வாங்கில் இருந்து எழுதுகிறேன். நீ இதை எப்போது வாசிப்பாய் என்று தெரியாது. வாசிப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

இவ்வளவு நாளும் நடந்தது உனக்குத் தெரியாது. நான் வந்து சேர்ந்தபோது வெளிநோயாளர் பகுதி நிரம்பி வழிந்தது. உங்கள் ஊர் ஆட்கள் ஒரு பக்கம், காத்தான்குடி ஆட்கள் ஒரு பக்கம், உட்கார இடமில்லை. மாமா வெள்ளை வேட்டியும் திருநீறுமாக, செருப்பில்லாமல், உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்ன டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார், வயலுக்குள் இறங்கினாரா என்று. மாமா சொன்னார்: "இல்ல ஐயா. அம்மன் கோயில் வவ்வாலை நான் புடிச்சுக் குடுத்தன். இவ அறுத்தவ. கையில காயம்." டொக்டருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை இன்னும் சத்தமாகச் சொன்னார். உங்கள் ஊர் ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அவர் அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் ஓட்டம். ஊசி மருந்து தொடங்கினார்கள். அடுத்த நாள் உன் சிறுநீரகம் நின்றுவிட்டது என்று மெசினில் போட்டார்கள். உன் இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய் இன்னொரு குழாயால் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வௌவாலில் இரத்தம் எடுத்திருக்கிறேன். உன்னுடையதைப் பார்த்து வாசலில் வாந்தி எடுத்தேன். நஸீபா மிஸ்ஸி என்று ஒரு தாதி இருக்கிறார், அவர்தான் என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

அந்தக் கிருமி வௌவாலிலிருந்துதான் வந்தது என்று பெரிய டொக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. கிணற்றடியில் எலியும் ஓடுகிறதுதானே என்கிறார். நியாயம்தான். ஆனால் எந்தக் கிருமி என்று தேட வேண்டிய திசை மாமாவின் வாயிலிருந்து வந்தது. அது இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்று பெரிய டொக்டர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கோயில் கதவு திறந்தது. திறந்தது மாமா இல்லை. சாவியை ஊர்க்கூட்டத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து, யதுசனையும் கூட்டிக்கொண்டு இந்த வாங்கில்தான் என் பக்கத்தில் இருந்தார். உடுக்குச் சத்தம் இங்கே கேட்குமா என்று பிள்ளை கேட்டான். கேட்காது மனே என்றார்.

அக்கா, இன்று காலை குழாயில் கொஞ்சம் மூத்திரம் வந்ததாம். நஸீபா மிஸ்ஸி வந்து சொன்னார். நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். ஒரு கரண்டி மூத்திரத்துக்கு இப்படிச் சந்தோசப்பட்ட ஆள் இந்த வார்ட்டில் இல்லையாம்.

கண்ணைத் திற. திறந்து என்னைத் திட்டு.

ஆர்த்திகா


மட்டக்களப்பு, பெரிய ஆசுபத்திரி, வார்ட்
12.06.2025

ஆர்த்தி,

திட்டுகிறேன். ஆசுபத்திரியில் நீ தந்த கடிதத்தை நாலு தடவை வாசித்துவிட்டேன், அதில் எங்கேயும் நீ சாப்பிட்டாயா என்று இல்லை. திங்களே கம்பஸுக்குத் திரும்பியவள் வௌவாலை விட்டுவிட்டு முதலில் சோற்றைத் தின்.

நான் இருக்கிறேன். கால் இன்னும் என்னுடையது மாதிரி இல்லை. ஆனால் வெளிச்சத்தைப் பார்க்கிறேன், எழுத்தைப் பார். குளிர்த்தி திங்கள் முடிந்துவிட்டது. யதுசன் இளநீரைக் கொடுக்கவில்லை, அடுத்த வருசம் கொடுக்கட்டும். ஊரார் மாமாவைக் கோயிலுக்குள் விடவில்லை, அவர் கேட்கவுமில்லை.

இப்போது எழுதுவது வேறு விசயம்.

பின்னேரம் எங்கள் ஊரிலிருந்து ஒரு பிள்ளைக்காரி பார்க்க வந்தாள். வாழைப்பழம் கொண்டுவந்தாள். அவளுடைய மகளுக்கும் முட்டு. சுற்றிப் பார்த்துவிட்டு என் காதுக்குள், "அக்கா, எத்தின மிளகு போட்டீங்க?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள்: "வண்ணக்கரே புடிச்சுக் குடுத்த மருந்துதானே. பொடியன் இப்ப பந்தடிக்கான். உங்களுக்கு வந்தது அம்மன்ட கோவம், நீங்க அம்மன்ட மரத்தில எடுத்தீங்க. நாங்க வாவிக்கரைத் தென்னையில எடுத்தம்." எடுத்தம்! எடுத்தாகிவிட்டது, ஆர்த்தி. அவளுடைய புருசன் ஒன்றைப் பிடித்து அடுக்களைக்குப் பின்னால் வாளியால் மூடி, மேலே கல் வைத்திருக்கிறானாம். நாளைக்குச் சமைக்கப் போகிறாளாம்.

நீ பள்ளிக்கூடத்தில் சொன்னபோது நான் எச்சிலை மட்டும் கேட்டேன். மாமா ஆசுபத்திரியில் சொன்னபோது ஊர் மருந்தை மட்டும் கேட்டிருக்கிறது.

என் கையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். மெசின் ஊசி குத்திய கழுத்தையும் காட்டினேன். இது அம்மன் இல்லையடி, மூத்திரப்பை என்று கத்தினேன். பயந்து எழுந்து ஓடிவிட்டாள். கேட்டாளா என்று தெரியாது.

மாமா வெளியே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் போய் அதைத் திறந்து விட்டிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கையால் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நீ என் கையை மறந்த மாதிரி நான் அவருடையதை மறந்துவிட்டேன். அவரிடம் ஃபோனும் இல்லை. நஸீபா மிஸ்ஸியின் ஃபோனை வாங்கி உன் அத்தானுக்கு அடித்து, அந்த வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். உனக்கும் அடித்தேன், உன்னுடையது நிறுத்தியிருக்கிறது, ஆய்வுகூடத்துக்குள் இருப்பாய். அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. படுத்திருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். தனோஜன் அண்ணன் பார்க்க வருவார், அவரிடம் கொடுக்கிறேன். நீ வந்து ஊருக்குள் பேச வேண்டும். இல்லை, நான் பேசுகிறேன், நீ பக்கத்தில் நில்.

இதை மடிக்கும்போது உன் அத்தான் திரும்ப எடுத்தார். வௌவால் போய்விட்டதாம். மாமா கையால் தொடவில்லையாம், நல்ல வேளை என்றார். கல்லை மூங்கில் தடியால் தள்ளிவிட்டு வாளியைக் காலால் உதைத்து உருட்டினாராம். உள்ளே ஒரே மூத்திரமும் பீயுமாம், உதைத்ததில் காலெல்லாம் தெறித்துவிட்டதாம், கிணற்றடியில் நின்று கழுவுகிறாராம்.

அந்தப் பித்தவெடிப்புக் காலுக்குச் செருப்புப் போட்டிருந்தாரா என்று கேட்டேன்.

விரதத்துக்குக் கழற்றியது இன்னும் மூலையில்தான் கிடக்கிறதாம்.

சுபாஜினி